கெட்டிமேளத்துக்கு முன்னால்

வாலாஜாபாத் மண்டபத்து மேனேஜர் அறையிலிருந்து இன்டர்நெட் ஒயரை இழுத்து வந்து, மணமேடைக்குப் பக்கத்தில் என் கம்ப்யூட்டரை வைத்திருந்தேன். அந்த ஒயரை மிதித்துப் போன ஒவ்வொருவர் மேலும் எரிச்சல் வந்தது. கல்யாண வீடியோ எடுப்பது பழகின வேலைதான். அதை அப்படியே இன்டர்நெட்டில் அனுப்புவது இதுதான் முதல் தடவை.

பெண்ணின் அப்பா கண்ணப்பன் சவூதியில், தம்மாமில் வெல்டர். லீவு கிடைக்கவில்லை. அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மகள் சுகப்பிரியா கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கக் காத்திருந்தார்.

"அவருக்குக் கண்ணு செரியா தெரியாது. படம் பெர்சா வரட்டும்பா" என்றார் அவர் மனைவி செல்வலட்சுமி.

ஒயர் தாங்குவது கொஞ்சம்தான். படத்துக்குக் கூட்டினால் சத்தத்துக்குக் குறைக்க வேண்டும். காலி மேடையை வைத்துச் சோதித்தபோது குத்துவிளக்குத் திரிகூடத் தெரிந்தது. படத்துக்கே அள்ளிக் கொடுத்தேன்.

மாப்பிள்ளை ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். ஷிப்டுக்கு நேரமானது போல நெளிந்துகொண்டிருந்தார். தாலியை ஆசி வாங்க அனுப்பினார்கள். கூடவே அட்சதைத் தட்டும் வரிசை வரிசையாகப் போனது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. படம் அதிகம் அசையாதவரைதான் நான் வைத்த அளவு தாங்கும். தாலி ஏறும்போதுதான் மண்டபமே எழுந்து அரிசியும் பூவும் வீசும். படம் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தத்தையும் சேர்த்து நிறுத்திவிடும்.

"யக்கா, அட்சதை போட வேணாம்னு சொல்ல முடியுமா?"

"இன்னா பேச்சு பேசற நீ? எம் பொண்ணுக்கு ஆசீர்வாதம் வேணாமா?"

அளவை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதற்குள் தாலி கட்டிவிட்டால்? தாலித் தட்டு மேடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கினேன். மிச்சத்தைச் சத்தத்துக்குக் கொடுத்து, மைக்கை மேளக்காரர் பக்கம் திருப்பினேன். படம் போனாலும் சத்தமாவது தப்பட்டும். மறுபடி ஓடத் தொடங்குவதற்குள் உயிர் போய் வந்தது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அரிசி பறந்தது. திரையில் சுகப்பிரியாவின் முகம் இருந்த இடத்தில் மஞ்சள் கட்டங்கள்தான் இருந்தன. இங்கே நடப்பது தம்மாமுக்குப் போய்ச் சேர அரை நிமிஷமாவது ஆகும். சாட் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

செல்வலட்சுமி இறங்கி வந்தார். "பாத்தாராப்பா?"

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் கண்ணப்பன் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினார். செல்வலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன்.

"படம் ஒண்ணுமே தெர்ல தம்பி. மோளம் நல்லா கேட்டுச்சு. ரூம்ல அரிசில மஞ்சத்தூள் கலந்து எடுத்துகினு வந்திருந்தேன். கெட்டிமேளம் கேட்டதும் கம்ப்யூட்டர் மேல போட்டேன். கீபோர்டுக்குள்ள பூந்துடுச்சின்னு கடைக்காரன் கத்திகினு கீறான்."

செல்வலட்சுமி மேடையைப் பார்த்து, மேளத்தையும் மீறிக் கத்தினார்.

"சுகா, அப்பாவும் போட்டுட்டாருடி!"