மூன்று கோட்டு மலை

முடிதிருத்துபவரின் மனைவி வரைந்த மலையில் மொத்தமே மூன்று கோடுகள். நீலத்தில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று, குறுக்கே மஞ்சளாய் ஓர் இழுப்பு. அதற்குச் சட்டம் போட்டு, கடையில் நாற்காலிக்குப் பின்சுவரில் மாட்டியிருந்தார். உட்கார்ந்தவன் எதிர்க் கண்ணாடியில் அதைப் பார்த்தே தீரவேண்டும். தாடையில் சவரக்கத்தி இருக்கும்போது எவன் தலையைத் திருப்புவான்?

"அந்த மஞ்சள் என்னண்ணே?" என்று யாராவது வாயைக் கொடுத்தால் போதும்.

"பாதை. வலப்பக்கமா ஏறினோம். பாதியில பனி. அவளால முடியல, முதுகுல தூக்கிக்கிட்டேன். உச்சியில மேகம் முட்டிக்குக் கீழ கிடந்துச்சு. கத்தரியால கொஞ்சம் வெட்டி எடுத்துட்டு வந்தேன். வீடு வர்றதுக்குள்ள கரைஞ்சிடுச்சு."

சொல்லும்போது முகத்தில் ஒரு சுளிப்பும் இருக்காது. இருவரும் ஏறிய உயரமெல்லாம் மொட்டைமாடிதான், அதுவும் துணி காயப்போட.

போன வாரம் ஓவிய ஆசிரியர் ஒருவர், "இது மலையா, மடிச்ச போர்வையா?" என்று சிரித்தார். அன்று அவருடைய கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும்தான் வெளியே போனது. ஆனால் அந்தச் சிரிப்பு முடிதிருத்துபவருக்கு முன்னால் அவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்று மனைவியே கடைக்கு வந்து நின்றாள், கையில் பழைய பெட்ஷீட்டோடு.

"கழட்டுங்க. ஊர் சிரிச்சது போதும்."

அவர் படத்தைப் பார்த்தார். இத்தனை வயதுக்கு மேல் ஆசைப்பட்டு பிரஷ் பிடித்தவள். இதைக் கழற்றினால் இனி தொடமாட்டாள். ஊருக்கெல்லாம் அளந்த வாய், வேண்டிய நேரத்தில் காலை வாரியது. "இருக்கட்டுமே" என்றார், அவ்வளவுதான்.

நாற்காலியில் பாதி நுரையோடு இருந்த தபால்காரர் கேட்டார்: "அக்கா, அண்ணன் உங்களை முதுகுல தூக்கினது எந்த இடம்? ஆளுக்கு ஒரு இடம் சொல்றாரு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் சீப்பைத் துடைத்தார். துடைத்த சீப்பையே மறுபடி துடைத்தார். அவள் படத்தருகே போய் மஞ்சள்மேல் விரலை வைத்தாள்.

"ஏறினது இடப்பக்கம். இவரு கண்ணாடியில பார்த்துப் பார்த்தே எல்லாத்தையும் மாத்திட்டாரு. அப்புறம், தூக்கினது நான். இவருக்கு இங்கயே மூச்சு வாங்கிடுச்சு, பாவம்."

"மேகம்?"

"அதை வெட்டினதும் நான்தான். இவருக்குக் கத்தரி நேராப் போகாது. அந்த ஓவிய வாத்தியாரைக் கேட்டுப் பாருங்க."

பெஞ்சில் காத்திருந்தவர்களின் செய்தித்தாள்கள் இறங்கின. தபால்காரர் நாற்காலியோடு சுழன்று திரும்பினார். இப்பேர்ப்பட்டவளையா கட்டிக்கொண்டோம் என்று முடிதிருத்துபவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காட்டிக்கொள்ளாமல், "பனியைச் சொல்லு" என்றார்.

"பனியா? அது இன்னும் மேல."

பெட்ஷீட் தரையில் கிடந்தது. அவள் விரல் சட்டத்தைத் தாண்டி, வெறும் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.