சொந்தக் கையால் வெட்டிய பொன்

சின்னையாவுக்கு வாய்தான் முதல் எதிரி. கோலார் தங்கச் சுரங்கத்தில் இளமையைத் தொலைத்தவர், குந்துமணித் தங்கம்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. கல்யாணத்தன்று புஷ்பவள்ளியின் கழுத்தில், இல்லாதவர்கள் செய்வதுபோல, மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்துக் கட்டினார். அதோடு சும்மா இருந்திருக்கலாம். “பொன் தாலின்னு போட்டா, என் கையால வெட்டின பொன்னாத்தான் இருக்கும்!” என்று சபை நடுவே வீறாப்புப் பேசித் தொலைத்தார்.

பிறகு இருவரும் பினாங்குக்குக் கப்பலேறினார்கள். சுங்கை பினாங்கில் குடித்தனம். ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் அவருக்குக் கல்லுடைக்கும் வேலை. ஒருநாள் வெடி வைத்த இடத்தில் பாறை பிளந்திருந்தது. பிளவு நெடுக வெள்ளைக் கல் கோடாக ஓடியது. சின்னையாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

“புள்ள, கோலார்லயும் இதே கதைதான். அது பூமி பொறந்த காலத்துப் பாறை. அதுல வெடிப்பு விழுந்து ரெண்டு பக்கமும் நழுவும். அடியிலேருந்து கொதிக்கிற தண்ணி அந்தச் சந்துல ஏறும். வெடிப்பு அடைபடும், மறுபடி விலகும், மறுபடி தண்ணி ஏறும். ஒவ்வொரு தடவையும் வெள்ளைக் கல்லோட பொன்னும் கொஞ்சம் கொஞ்சமாப் படியும்.”

“அப்ப இங்கயும் இருக்குமாங்க?”

“இருக்கும்லா!”

ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. கோலாரில் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் கன்னங்கரிய பழம்பாறை. இங்கே இருபுறமும் புள்ளி போட்ட வெளிறிய கருங்கல். இந்தக் கல்லில் பொன் இருக்காது என்று முதல் நாளே தெரிந்ததுதான், மனசு ஒப்பவில்லை.

லீவு நாளில் அங்கே தோண்டிப் பார்க்க, வேலையை மேய்க்கும் கங்காணி சிரித்துக்கொண்டே அனுமதித்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உளியோடு மலைக்குப் போனார் சின்னையா. புஷ்பவள்ளி பாசார் சந்தையில் ஆப்பம் விற்றாள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்து, பத்தரிடம் சின்னதாக ஒரு தாலி செய்து வாங்கினாள். பொங்கலன்று தலை முழுகிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்களே கட்டிவிடுங்க.”

“கடைப் பொன்னா?” அவர் முகம் சுண்டிப்போனது. “கொஞ்சம் பொறு புள்ள. கோடு அகலமாகுது.”

அவள் தாலியைத் துணியில் முடிந்துவைத்தாள். சண்டை போட்டிருந்தாலாவது அவருக்கு உறைத்திருக்கும்.

கோடு அகலமாகவில்லை. வரவர மெலிந்து, ஒரு ஞாயிறன்று நூலாகி, கருங்கல்லுக்குள் கரைந்துபோனது. கோலாரில் இப்படிக் கோடு அறுந்தால், பாறை நழுவியிருக்கும்; அந்தண்டைப் பக்கம் தேடினால் கிடைத்துவிடும். இங்கே நழுவவும் இல்லை, தேட மறுபக்கமும் இல்லை. அவர் அங்கேயே குந்திவிட்டார். தெரிந்தே தன்னை ஏமாற்றிக்கொண்டதோடு அவளையும் காக்கவைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

கை கால்கூடக் கழுவாமல் வீட்டுக்கு ஓடினார்.

“புள்ள, அந்தத் தாலிய எடு. கட்டிவிடுறேன்.”

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “அது இல்லீங்க. பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி கல்யாணத்துக்குக் குடுத்துட்டேன். பாவம், தகப்பன் இல்லாத பொண்ணு.”

“ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா?”

“கல்யாணம் போன ஞாயித்துக்கிழமை. நீங்க வீட்டுல இல்லையே.”

“நாளைக்கே பத்தர்கிட்ட போவோம். வேற செய்யச் சொல்றேன்.”

“வேணாங்க. ஆசை இருந்தப்ப கேட்டேன். இப்ப இல்ல.”

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, அவருக்குச் சோறு போட எழுந்தாள்.