பாதி ரேஸுக்கு ஒரு மொட்டை

"ஜெயிச்சவன் ஜெயிச்சவன்தான்டா. போய் மொட்டையப் போடு!"

"எவன்டா ஜெயிச்சான்? பாதி ரேஸுதான் ஓடிச்சு. பாதி ரேஸுக்கு யாராச்சும் மொட்டை போடுவானா?"

"அப்ப சரவெடி வெச்சது யாரு? உங்கப்பாவா?"

"எங்கப்பாவ இழுக்காத தொர. மரியாத கெட்டுடும்."

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு அன்றைக்குத் தண்ணீர் லாரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். காலிக் குடத்தோடு நின்றவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் எல்லோரும் தங்கதுரை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டோம். தங்கதுரை சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறவன். வீட்டில் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வைத்திருக்கிறான். எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தவன் பக்கத்து வீட்டு தீனதயாளன். பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை. இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கார் ரேஸ் என்று வந்துவிட்டால் மட்டும் தீனாவுக்குச் சிவப்பு வண்டி, தங்கதுரைக்கு நீல வண்டி. ஓட்டுகிற வெள்ளைக்காரர்களின் பெயர் என் வாயில் நுழையாது. நானும் சிவப்பு, நீலம் என்றே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். ஏதோ ஒரு தேசத்தில் ரேஸ். நடுவில் அங்கே மழை கொட்டிவிட்டது. அவ்வளவு விலையுள்ள வண்டிகளெல்லாம் சவ ஊர்வலத்தின் வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. பிறகு கொடி காட்டி நிறுத்தினார்கள். மழை விடட்டும் என்று குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இங்கே நாங்கள் குடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். அங்கே மழை விடவில்லை, இங்கே லாரி வரவில்லை. கடைசியில் முன்னால் நின்ற சிவப்பு வண்டிக்கே கோப்பை, ஆனால் ஓடியது பாதி என்பதால் புள்ளியும் பாதி என்று அறிவித்துவிட்டார்கள்.

தீனா துள்ளிக்கொண்டு வெளியே வந்து சரவெடி வைத்தான். "மழை போட்ட பிச்ச, இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்றான் தங்கதுரை. "பாதியோ முழுசோ, ஜெயிப்பு ஜெயிப்புதான்" என்றான் தீனா. அப்போதுதான் தங்கதுரைக்கு ஒன்று ஞாபகம் வந்து போனை எடுத்தான்.

போனில் ஒரு வீடியோ. ஆடி மாதம் கூட்டாளிகளெல்லாம் கல்வராயன் மலையில் அருவிக் குளியலுக்குப் போயிருந்தார்கள். திரும்பும் வழியில், வெள்ளிமலை ரோட்டோரக் காளி கோயிலில், ஈரத்தலையோடு தீனா நிற்கிறான். "ஆத்தா, இந்த வருசத்துக்குள்ள ஒரே ஒரு ரேஸு செவப்பு வண்டி ஜெயிச்சிட்டா ஒனக்கு மொட்டை" என்று அவன் வாயாலேயே சொல்கிறான். பின்னால் கைதட்டல்.

வீடியோ ஓடி முடிவதற்குள் இருவரும் கட்சி மாறிவிட்டார்கள். அரசியல்வாதிக்குக்கூட இதற்கு ஒரு ராத்திரி தேவைப்படும். இப்போது அது முழு வெற்றி என்றான் தங்கதுரை. வெற்றியே இல்லை என்றான் தீனா. நான் குடத்தை இறக்கி வைத்தேன்.

தீனா பயந்ததற்குக் காரணம் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்கு ரிஷிவந்தியத்தில் பெண் பார்க்கிறார்கள். பெண் பெயர் அருள்மொழி, ஸ்கேன் சென்டரில் வேலை. அப்பா அரங்கநாதனுக்குக் கரும்பும் நெல்லும். எத்தனையோ ஜாதகம் தட்டிப்போய் இது ஒன்று அமைந்திருந்தது. பெண் வீட்டார் அனுப்பச் சொன்ன போட்டோவில் தீனாவின் முடி நெற்றியிலிருந்து மேலே எழும்பி ஒரு அலை மாதிரி பின்னால் விழுகிறது. எங்கள் தெருவில் தீனாவின் முடியைக் குறை சொன்னவர் கிடையாது. மற்றதைப் பற்றித் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

சத்தம் கேட்டு அவன் அம்மா அம்சவள்ளி வந்தாள். வீடியோவை இரண்டு தடவை பார்த்தாள்.

"இன்னாடா இது? காளி கிட்டயா வெளையாடின?"

"அது சும்மா வாய்ல வந்துடிச்சும்மா. அதுவும் ரேஸு முழுசா ஓடலம்மா. பாதி பாயின்ட்டுதான் குடுத்தான்."

"ஆத்தாவுக்குப் பாயின்ட்டு தெரியுமாடா? நல்ல காரியத்துக்குப் போறப்ப வேண்டுதல பாக்கி வெச்சிக்கினு போனா வெளங்குமா?"

மொட்டை போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனால் விளங்குமா என்பதையும் அவளே யோசித்தாள். வேண்டுதலையும் விடக்கூடாது, முடியையும் விடக்கூடாது. அன்று சாயங்காலமே மலைக்கோயில் பூசாரி சடையனுக்குப் போன் போட்டாள். நான் சர்க்கரை கடன் வாங்கப் போனவள், ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கேட்டேன்.

"ஓட்டம் பாதியிலயே நின்னுடுச்சுங்களாம். பாதி மொட்ட போட்டா ஏத்துக்குமா ஆத்தா?"

சடையன் நிதானமானவர். "தலையில பாதி செரச்சி அனுப்பினா, கீழ எறங்கறதுக்குள்ள ஊரு சிரிக்கும்மா" என்றார். "யாரு முடின்னு ஆத்தா பாக்காது. குடும்பத்துல ஒரு தல வந்தா போதும்."

அம்சவள்ளி போனை வைத்தாள். கூடத்தில் அவள் வீட்டுக்காரர் கந்தசாமி விதைக்கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையில் முன்பாதி போய் வெகு காலமாகிறது. பின்பாதியில் காதிலிருந்து காதுவரை முடி இருக்கும். அம்சவள்ளி அந்தத் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பாதி ரேஸ், பாதி புள்ளி, பாதி முடி. கணக்கு இப்படிச் சரியாக வந்து உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீங்க போட்டுக்கோங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கார் ரேஸுல ஒருத்தன் ஜெயிச்சிட்டான்."

"யாரு அவன்?"

"சொன்னா ஒங்களுக்குத் தெரியாது."

கந்தசாமி மோர் ஊற்றிக்கொண்டார். "அவனுக்கு என்னத் தெரியுமா?" என்று கேட்டார். சோற்றைப் பிசைந்து முடித்துவிட்டு, "சரி" என்றார்.

காளி கோயிலில் வெள்ளிக்கிழமைதான் பூசை. ஆகவே காலையில் மலைக்குப் போய் மொட்டையை முடித்துவிட்டு, அப்படியே இறங்கி, மூன்று மணிக்கு எமகண்டம் பிறப்பதற்குள் ரிஷிவந்தியம் போய்விடுவது என்று முடிவாயிற்று. தங்கதுரையின் கார்தான். வேண்டுதல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அவனுக்கும் ஆசை. பெண் பார்க்க ஒற்றைப்படையில்தானே போக வேண்டும்? டிரைவரைச் சேர்த்தால் நாலு பேர், இன்னும் ஒரு ஆள் வேண்டும். டிரைவரைக் கணக்கில் சேர்ப்பதா என்று பேச்சு வந்தது. சேர்த்தால்தான் எனக்கு இடம் என்பதால் சேர்க்கத்தான் வேண்டும் என்று சொன்னேன்.

மலையில் மொட்டை போடுகிறவர் வேகமான ஆள். கந்தசாமி ஓடைக்கரைக் கல்லில் உட்கார்ந்து கண்ணை மூடினார். திறந்தபோது மீசையும் இல்லை.

"மீசைய யாருங்க எடுக்கச் சொன்னது?" என்று அம்சவள்ளி கத்தினாள்.

"ஒண்ணும் சொல்லலையேம்மா. பேசாம ஒக்காந்துக்கினு இருந்தாரு."

"அவரு எப்பவுமே பேசமாட்டாருங்க!"

முளைத்துவிடும் என்று சடையன் சமாதானம் சொல்லி, தலை முழுக்கச் சந்தனத்தைக் குழைத்துப் பூசிவிட்டார். மஞ்சளாக, குளுமையாக, கந்தசாமி பார்க்க நன்றாகவே இருந்தார். "ஆத்தா, பாதிக்கு இது சரியாப் போச்சு" என்று தீனா கும்பிட்டான். கும்பிட்டு நிமிர்ந்ததும் முடியைச் சரிசெய்துகொண்டான்.

இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் மழை பிடித்தது. டிவியில் பார்த்தோமே, அதே மழை. முன்கண்ணாடியில் வாளி வாளியாக ஊற்றியது. தங்கதுரை வண்டியை ஓரம் கட்டப் போய், சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது.

"எறங்கித் தள்ளுங்கடா" என்றாள் அம்சவள்ளி.

தீனா வெளியே பார்த்தான். கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தான். "நா எறங்கினா முடி படிஞ்சிடும்மா. ஜெல்லு வெச்சிருக்கேன்."

"ரேஸுல செவப்பு வண்டிக்காரன்கூட எறங்கித்தான்டா நின்னான்" என்றான் தங்கதுரை.

"அவனுக்கு இன்னா, ஹெல்மெட் போட்டுக்கினு இருந்தான்."

கந்தசாமி கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டி, பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். தங்கதுரை ஸ்டியரிங்கை விட்டு இறங்கி அவரோடு தள்ளினான், ஓடிவந்து ஆக்சிலேட்டரை மிதித்தான், மறுபடி இறங்கினான். கடைசியில் வண்டி மேலேறியது. நாங்கள் உள்ளே பூவையும் பழத்தட்டையும் நனையாமல் பார்த்துக்கொண்டோம். தீனா முடியைப் பார்த்துக்கொண்டான்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் மழை இல்லை. நேரமும் இல்லை. தங்கதுரை அன்றைக்கு ஓட்டிய வேகத்துக்கு யாராவது கொடி காட்டி நிறுத்தியிருக்க வேண்டும். எமகண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அரங்கநாதன் வீட்டு வாசலில் போய் நின்றோம். அம்சவள்ளி முந்தானையால் மகனின் நெற்றியை ஒற்றி, முதலில் அவனை இறக்கினாள். முடி போட்டோவில் இருந்தபடியே இருந்தது. அவனுக்குப் பின்னால் கந்தசாமி இறங்கினார்.

எங்கள் பக்கத்தில் மொட்டைத் தலையில் சந்தனம் இருந்தால் அது வேண்டுதல். சந்தனமும் இல்லாமல் மீசையும் இல்லாமல் ஈர வேட்டியோடு ஒரு மனுசன் வந்து நின்றால், அவரைப் பெற்றவர் யாரோ போய்விட்டார், கொள்ளி வைத்துவிட்டு வருகிறார் என்று அர்த்தம். கந்தசாமி தலையில் சந்தனம் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. அவ்வளவையும் கல்வராயன் மலை மழை வழித்துக்கொண்டு போயிருந்தது.

ஆரத்தித் தட்டோடு வந்த பெண்ணின் தாயார் காசியம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"யாருங்க தவறிட்டாங்க?"

அம்சவள்ளி அப்போதுதான் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். "அய்யோ, யாரும் தவறலைங்க. மழை வந்து ரேஸு நின்னுடுச்சு."

"எந்த ஊர்ல மழை?" என்றார் அரங்கநாதன்.

"வெளிநாட்டுலங்க."

"அதுக்கு ஏங்க இவரு நனஞ்சிருக்காரு?"

தீட்டோடு வந்துவிட்டு மழுப்புகிறார்கள் என்று காசியம்மாள் நினைத்தாள். தட்டு இறங்கவும் இல்லை, சுற்றவும் இல்லை. கடைசியில் தங்கதுரை மலையில் மழை பிடித்ததையும் வண்டி தள்ளியதையும் சொல்லி, போனை எடுத்து வீடியோவைக் காட்டினான். அரங்கநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு கை நீண்டு போனை வாங்கிக்கொண்டது. அது அருள்மொழியின் கை. சாவு இல்லை என்று தெரிந்து எங்களை உள்ளே உட்கார வைத்தார்கள்.

தண்ணீர் கேட்கிற சாக்கில் நான் சமையலறைக்குப் போனேன். அருள்மொழி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, வேண்டிக்கினது யாரு?"

"பையன்தான்."

"மொட்ட போட்டது?"

"அவங்கப்பா."

"மழையில எறங்கி வண்டி தள்ளினதும் அவரா?"

"அவரும் டிரைவரும்."

"பையன் இன்னா பண்ணாரு?"

என்னிடம் நேரடியாகக் கேட்டால் எனக்குப் பொய் வராது. "முடிய பாத்துக்கினு இருந்தான்" என்றேன்.

அவள் காபித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். முதல் டம்ளரை மாப்பிள்ளைக்குக் கொடுக்காமல் கந்தசாமிக்குக் கொடுத்தாள். அம்மாவிடம் ஒரு துண்டும் வாங்கி அவரிடம் நீட்டினாள். "தொடச்சிக்கோங்க மாமா, சளி புடிச்சிக்கும்" என்றாள். மாப்பிள்ளை முறைக்குச் சிரித்தான். அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கந்தசாமி, "காபி நல்லாருக்கும்மா" என்றார். அன்று முழுக்க அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பெண் மேற்கொண்டு படிக்கப் போகிறாள் என்று திங்கட்கிழமை தகவல் வந்தது. என்ன படிப்பு என்று அம்சவள்ளி கேட்டாள். இன்னும் முடிவாகவில்லை என்றார்கள்.

மீசை எடுத்தவனால்தான் சம்பந்தம் போயிற்று என்கிறாள் அம்சவள்ளி. வீடியோ எடுத்தவனால்தான் போயிற்று என்கிறான் தீனா. யாரால் போயிற்று என்று கந்தசாமியை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் தங்கதுரை வீட்டில் வந்து டிவி முன்னால் உட்கார ஆரம்பித்தார். "நம்ம பையன் எங்க வந்துக்கினு இருக்கான்?" என்று சிவப்பு வண்டியைப் பற்றிக் கேட்பார். முடி கொடுத்தவருக்குக் கேட்க உரிமை உண்டல்லவா?

அடுத்த வருடம் சிவப்பு வண்டி முழு ரேஸையும் ஜெயித்தது, நல்ல வெயிலில். வேண்டுதல் போன வருடத்தோடு முடிந்துபோயிற்று என்று தீனா கடையிலேயே இருந்துவிட்டான். கந்தசாமி பஸ் ஏறி மலைக்குப் போய், மறுபடி மொட்டையோடு வந்தார். இந்தத் தடவை மீசையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாராம்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"போன வாட்டி பாதிதான குடுத்தோம்" என்றார். "பாக்கி இருந்துச்சில்ல?"

அருள்மொழிக்குத் திருநாவலூரில் மாப்பிள்ளை அமைந்தது. கூட்டுறவு வங்கியில் வேலை. போட்டோ பார்த்தேன். நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. தங்கதுரை உளுந்தூர்பேட்டையில் கலையரசியைக் கட்டிக்கொண்டு, டிவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு அங்கே குடிபோனான். அந்த வாரமே கந்தசாமி கூடத்தில் புது டிவி வந்துவிட்டது.

தீனாவுக்கு ஓசூர்ப் பெண் ராதிகா. கல்யாணத்தன்று மழை இல்லை. இருந்தும் அம்சவள்ளி காலையிலிருந்து ஒரு சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கந்தசாமியின் அந்த வருட மொட்டையில் காயக் காயப் பூசிக்கொண்டே இருந்தாள். போட்டோவில் மாப்பிள்ளையைவிட அவர்தான் பளிச்சென்று தெரிகிறார். தீனா இப்போது மாமனார் ஊரிலேயே கடை போட்டிருக்கிறான். முன்பக்க முடி கொஞ்சம் கம்மியாகிவிட்டதாம். நான் கேட்கவில்லை, ராதிகாவே சொன்னாள்.