நோன்போடு எடுத்த படம்

தண்ணீர் பாட்டில் சில்லென்று இருந்தது. ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கும் ஒல்ஃபா என்ற பெண் அதை முன்ஜியாவின் கையில் திணித்து, "முழுசையும் குடிச்சிடுங்க பெரியம்மா. முடிச்சதும் கூப்பிடுங்க, ஊசி போடணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ரமலான் மாதம், ஜூன் வெயில். கெர்கென்னாத் தீவிலிருந்து முதல் கப்பலைப் பிடித்து ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு வந்திருந்தாள் முன்ஜியா. விடியும் முன் சஹர் நேரத்தில் அரை டம்ளர் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தாள். கப்பலில் கழிவறைக்குப் போக அவளுக்குப் பிடிக்காது. உள்ளே போனால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வது அவளுக்கு வெகுநாள் பழக்கம்.

நோன்பை முறிக்கிற எண்ணம் அவளுக்கு எள்ளளவும் இல்லை. ஊசி போட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் இமாமிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள். தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், "பயணி நீ, வைத்தியத்துக்குப் போகிறாய், தாராளமாகக் குடி, பிறகு ஒரு நாள் நோற்றுக்கொள்" என்றுதான் அவர் சொல்லியிருப்பார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்காமல் விட்டாள். இந்த ரமலானின் நோன்பு முழுவதையும் தம்பி லஸ்ஹருக்காக நேர்ந்திருந்தாள். அவனுக்கு ஒரு சிறுநீரகம் கிடைக்க வேண்டும், அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் வேண்டுதல். இறைவனிடம் கை நீட்டப் போகிற நாளில் வாயை நனைத்துக்கொண்டு போய் நிற்பதா? அப்படிப்பட்ட மூளை அவளுக்கு. நல்ல மனசு, பிடிவாத மூளை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அக்கம்பக்கத்தாருக்குத்தான் தலைவலி.

கழிவறைக்குப் போய் பாட்டிலைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். தண்ணீர் போகிற சத்தம் வெளியே கேட்குமோ என்று குழாயையும் திறந்துவிட்டாள். காலி பாட்டிலோடு வந்து, குடித்த முகத்தோடு உட்கார்ந்தாள்.

லஸ்ஹர் தீவில் ஆக்டோபஸ் பிடிக்கிறவன். இரண்டு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு அவனைக் கட்டிப்போட்டிருந்தது வியாதி. மனைவி ஸல்வாவின் சிறுநீரகம் அவனுக்குச் சேரவில்லை. பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். எல்லாப் பரிசோதனையிலும் பொருந்தி வந்தவள் அக்கா ஒருத்திதான். கடைசியாக மிச்சமிருந்தது இந்தப் படம். ரத்தத்தில் கதிர்வீச்சு மருந்தை ஏற்றி, ஒவ்வொரு சிறுநீரகமும் அதை எவ்வளவு வேகமாக இழுக்கிறது, எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று கேமராவில் பார்ப்பார்கள். இரண்டும் நன்றாக வேலை செய்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைத்து, கேமராவை முதுகுக்கு அடியில் நகர்த்தினாள் ஒல்ஃபா. ஊசி ஏறியது. முன்ஜியா மனதுக்குள் ஓதிக்கொண்டே கூரையைப் பார்த்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் ஒல்ஃபாவின் குரல் வந்தது. "பெரியம்மா, தண்ணி முழுசையும் குடிச்சீங்கதானே?"

"ஏம்மா?"

"சும்மாதான் கேக்குறேன். குடிச்சீங்களா?"

"குடிச்சேன்" என்றாள் முன்ஜியா.

நோன்பு வாயால் பொய் சொன்னது அந்த நொடியில் அவளுக்கு உறைக்கவில்லை. தண்ணீர் குடிப்பது பாவம், குடித்தேன் என்று பொய் சொல்வது பாவமில்லை என்பதுபோல் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த வாரமே டாக்டர் ஜல்லூலி கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"உங்க ரத்தம் நல்லாருக்குன்னு சொல்லுது. படம் வேற சொல்லுது. ரெண்டு கிட்னியும் மந்தமா வேலை செய்யுது. ஒண்ண எடுத்தா மிச்சம் இருக்கறது உங்களத் தாங்காது. நான் எடுக்க மாட்டேன்மா."

"எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல டாக்டர்."

"எனக்குப் பரவால்ல இல்ல. உங்க தம்பியக் காப்பாத்த உங்கள நோயாளி ஆக்கச் சொல்றீங்களா?"

கப்பலில் திரும்புகிற வழியெல்லாம் தன் இடுப்பில் கை வைத்தபடியே வந்தாள். ஐம்பத்திரண்டு வருடமாகக் கூடவே இருந்துவிட்டு, கேட்ட நேரத்தில் கைவிட்ட இரண்டு துரோகிகள் அங்கே இருப்பதாக நினைத்தாள்.

லஸ்ஹர் வீட்டு முற்றத்தில் பேரீச்ச மரத்து நிழலில் பாய் விரித்துப் படுத்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து உட்கார்ந்தான்.

"வேணாங்கறாங்களா?"

"கிட்னி மந்தமா இருக்காம்."

"உன்ன மாதிரியே இருக்கு. விடு." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ஸல்வா அடுப்படி வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளைப் பார்க்காமல் இருப்பதற்காகவே அவன் வேறு பேச்சுக்கு மாறினான். "சரி, படம் எப்படித்தான் எடுத்தாங்க? வலிச்சுதா?"

"வலியெல்லாம் இல்ல. ஊசி போட்டாங்க, படுக்க வெச்சாங்க. அதுக்கு முன்னால ஒரு பாட்டில் தண்ணி குடுத்தாங்க."

"பெரிய பாட்டிலா?"

"ம்."

"சில்லுன்னு இருந்துச்சா?"

டயாலிசிஸ்காரனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான் அளவு. அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும். கடலில் பிறந்து கடலில் வளர்ந்தவன், இரண்டு வருடமாகத் தண்ணீரைத் தவிர வேறெதையும் கனவில் பார்ப்பதில்லை. பிரியாணியைப் பற்றிக் கேட்கிற பசிக்காரனின் ஆசையோடு அவன் கேட்டான். அந்தக் கண்ணைப் பார்த்து முன்ஜியாவால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான் குடிக்கலடா. நோன்பு இல்லியா? தொட்டில ஊத்திட்டேன்."

"ஊத்திட்டியா?" என்றான் லஸ்ஹர்.

"உனக்காகத்தான் நோன்பு வெச்சேன்."

"அந்தத் தண்ணி எதுக்குக் குடுத்தாங்கன்னு கேட்டியா? ஒடம்புல தண்ணி இல்லன்னா கிட்னி எப்படி வேலை செய்யும்? தண்ணியே இல்லாத குழாயத் தொறந்து பாத்துட்டு, குழாய் கெட்டுப்போச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கு. ரெண்டு வருஷமா எனக்கு எல்லாரும் இதத்தான் பாடம் எடுக்குறாங்க. எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?" பாயைக் கையால் அறைந்தான். "நான் ஒரு மடக்குக்கு நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்குறேன். நீ ஒரு பாட்டில தொட்டில ஊத்திட்டு வந்திருக்க."

ஸல்வா கரண்டியைக் கீழே வைத்தாள். "மதினி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நோன்புக்காக ஊத்துனீங்களா, இல்ல கத்திக்குப் பயந்து ஊத்துனீங்களா?"

பயம் என்ற ஒன்று தன் மனதில் எங்காவது மூலையில் இருந்திருக்குமோ என்று முன்ஜியா தேடிப் பார்த்தாள். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அறுவைக் கத்திக்குப் பயப்படாதவர்கள் உலகத்தில் யார்? ஆனால் ஊற்றும்போது நினைத்தது தம்பியைத்தான். அதை எப்படி நிரூபிப்பது?

"ஸல்வா, வாய மூடு" என்றான் லஸ்ஹர். "அவ பயந்திருந்தா ஆரம்பத்துலயே மாட்டேன்னு சொல்லியிருப்பா. எங்க அக்காவுக்கு ஒளிஞ்சு பயப்படத் தெரியாது. பயந்தா ஊரக் கூட்டுவா." பிறகு அக்காவைப் பார்த்தான். "போ, டாக்டருக்கு போன் போடு. திட்டுவாரு, வாங்கிக்க."

டாக்டர் திட்டத்தான் செய்தார். "உங்க வயசென்ன, பிள்ளையா நீங்க?" என்று கத்திவிட்டு, ரமலான் பெருநாள் முடிந்து வருமாறு தேதி கொடுத்தார். கதிர் மருந்து தினமும் வருவதில்லை. அதற்கு முன்னால் இடமும் இல்லை.

மறுநாள் நடுப்பகலில் லஸ்ஹர் ஆளனுப்பி அக்காவை வரச் சொன்னான். போனபோது அவன் பக்கத்தில் ஒரு கூஜா தண்ணீரும் டம்ளரும் இருந்தன.

"குடி."

"டேய், பகல்லயா?"

"படம் எடுக்குற அன்னிக்கு மறுபடியும் தொட்டியத் தேடிப் போவ. இப்பவே பழகிக்க. நான் பாக்கணும். அல்லாஹ்கிட்ட நான் பேசிக்குறேன், பாவத்த என் கணக்குல எழுதச் சொல்றேன்."

அவள் டம்ளரை எடுத்தாள். பருவம் வந்த நாள் முதலாக, பெண்களுக்கு விலக்கான நாட்களைத் தவிர, ரமலான் பகலில் அவள் தொண்டையில் எதுவும் இறங்கியதில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை லஸ்ஹர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விழுங்கியபோது அவனும் எச்சிலை விழுங்கினான்.

"இன்னொண்ணு" என்றான். "மெதுவா குடி. அவசரப்படாத."

இரண்டாவது டம்ளரை முடித்துவிட்டு அவள் அழுதாள். "அடச்சீ, அழுது வீணாக்காத. குடிச்சதெல்லாம் கண்ணு வழியா போயிடும்" என்று கேலி செய்தான் அவன். ஸல்வா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் இளகவில்லை.

பெருநாள் வந்தது. முதல் நாள் லஸ்ஹர் புதுச் சட்டை போட்டு, பிள்ளைகளுக்கு மக்ரூத் இனிப்பை ஊட்டிவிட்டான். இரண்டாம் நாள் காலையில், ஆக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானைகளுக்குக் கயிறு கட்டியபடி உட்கார்ந்திருந்தவன் பக்கவாட்டில் சாய்ந்தான். இதயம் நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு ஓடியும் பயனில்லை. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள்.

துக்க வீட்டுக்கு ஊரே வந்தது. ஸல்வா எல்லோருடைய தோளிலும் சாய்ந்து அழுதாள், முன்ஜியாவின் தோளைத் தவிர. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட முன்ஜியா தாங்கியிருப்பாள்.

ஸ்கேன் தேதிக்கு முந்தின நாள் ஸல்வா அவளாகவே தன் வீட்டு வாசலுக்கு வந்து முன்ஜியாவைக் கூப்பிட்டுப் பேசினாள். "நாளைக்குத்தானே உங்க தேதி?"

"இனி எதுக்கு ஸல்வா?"

"போயிட்டு வாங்க மதினி. எனக்குத் தெரியணும். உங்க கிட்னி நெசமாவே கெட்டதுன்னா அவருக்கு விதி அவ்வளவுதான்னு நெனச்சுக்குவேன். உங்களையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

தனக்கும் அதே வேண்டும் என்பது முன்ஜியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிறுநீரகம் கெட்டது என்றால், அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தாலும் டாக்டர் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார். அப்படியானால் தம்பியின் சாவில் அவளுக்குப் பங்கில்லை. இரவெல்லாம் வேண்டிக்கொண்டாள். இறைவா, இரண்டும் கெட்டதாக இருக்கட்டும், அழுகிப் போனதாக இருக்கட்டும், நானும் அவன் மாதிரியே இயந்திரத்தில் கிடந்தாலும் சரி. தன் உடம்புக்கு இப்படி ஒரு வேண்டுதலை வைத்தவள் அந்தத் தீவில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஒல்ஃபா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "வாங்க பெரியம்மா! இந்தத் தடவ என் கண்ணு முன்னாலதான் குடிக்கணும். டாக்டர் கட்டளை."

முன்ஜியா குடித்தாள். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. ஏமாற்றி நல்ல பதில் வாங்கவும் அவளுக்கு மனமில்லை, ஏமாற்றிக் கெட்ட பதில் வாங்கவும் மனமில்லை. படுக்கையில் படுத்தாள். ஊசி ஏறியது. ஒல்ஃபா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேள்வி எதுவும் கேட்காததிலிருந்தே, படம் நன்றாக வருகிறதோ என்று முன்ஜியா பயந்தாள்.

படம் முடிந்ததும் அந்தப் பெண் சட்டத்தையெல்லாம் மறந்து திரையை அவள் பக்கம் திருப்பினாள். "டாக்டர்தான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது. ஆனாலும் உங்க மொகத்தப் பாத்தா சொல்லாம இருக்க முடியல. பாருங்க, ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டு வேலை செய்யுது. அன்னிக்குப் பாத்த கிட்னியான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. உங்க தம்பி குடுத்து வெச்சவரு பெரியம்மா!"

திரையில் இரண்டு அவரை விதைகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. முன்ஜியா அவற்றையே பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றாள்.

கப்பலில் பாதித் தூரம் வரும்வரை அவளுக்கு அழுகை வரவில்லை. சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த நாற்றம் பிடித்த கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு சிறுநீரகமும் தங்கள் வேலையைக் குறைவில்லாமல் செய்தன. அங்கேதான் அழுகை பீறிட்டு வந்தது. "ஒண்ணு உன்னோடதுடா, ஒண்ணு உன்னோடது" என்று வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுதாள். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

கரை தெரிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஸல்வாவிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'கெட்டுத்தான் போயிருக்காம்.' இவ்வளவுதான். இதைச் சொன்னால் ஸல்வாவுக்கு ஆறுதல், தனக்கும் மன்னிப்பு. நாளையிலிருந்து அந்த வீட்டுக்குள் போகலாம், பிள்ளைகளை மடியில் போட்டுக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்கப் போகிறவர்கள் யாரும் இல்லை. கப்பல் துறையிலிருந்து வீடு வரைக்கும் அதையே உருப்போட்டுக்கொண்டு நடந்தாள்.

விதவை வீட்டை விட்டு வெளியேறாத இத்தா காலத்தில் இருக்கிற ஸல்வா வெள்ளை உடையில் வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க மதினி?"

முன்ஜியா வாயைத் திறந்தாள். ஒரு பொய் சொல்லி ஒரு உயிர் போயாகிவிட்டது. இன்னொன்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ரெண்டும் நல்லா இருக்காம் ஸல்வா" என்றாள்.

ஸல்வா திட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளேயிருந்து அழுகை கேட்டது, அப்பாவைக் கேட்டு அழும் சின்னவனின் குரலும் கூடவே கேட்டது. முன்ஜியா கதவைத் தட்டாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.