பென்சில் கோடு

படுக்கையறைச் சுவரில் ஈரம் படர்ந்த அன்று சகாயராணிக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. புது வீட்டுச் சுவர் ஊறினால் மற்றவர்கள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள். இவளோ எதிரே நாற்காலி போட்டு, கையில் டீயோடு உட்கார்ந்து, அது உள்ளங்கை அளவிலிருந்து முறம் அளவுக்குப் பெரிதாவதை ரசித்துக்கொண்டிருந்தாள். இனி ஆண்டோ வந்துதான் ஆக வேண்டும்.

ஆண்டோ அவளுக்கு ஒரே மகன். மருமகள் அருள்ராணி அயர்லாந்தில் நர்ஸ். பெண்டாட்டி பின்னால் போனவன் அங்கேயே பிளம்பர் வேலையில் ஒட்டிக்கொண்டான். பாப்பிரெட்டிப்பட்டியில் அம்மாவுக்கு வீடு கட்டியபோது லீவு போட்டு வந்தான், பெட்டி நிறைய பைப்புகளும் ஜாயிண்டுகளும். பசை கிடையாது, திருகி முறுக்கும் மரை கிடையாது. பைப்பை ஜாயிண்டுக்குள் அழுத்தினால் ஒரு வளையம் கவ்விக்கொள்ளும். அந்த வளையத்தை விரலால் அமுக்கிக்கொண்டு இழுத்தால் விட்டுவிடும்.

உள்ளூர் பிளம்பர் ராஜா அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

“பசையே போடாம செவுத்துக்குள்ள வெச்சுப் பூசப் போறீங்களா? ஒரு மழைக்காலம் போவட்டும், வூடு மெதக்கும் பாருங்க.”

ஆளை விடு சாமி என்று கும்பிட்டுவிட்டுப் போனான். சகாயராணிக்கு அதுவும் நல்லதாகவே போயிற்று. அந்த ஒரு மாதமும் அம்மாவும் மகனும் மட்டும்தான் வேலை செய்தார்கள். அவன் பைப்பை வெட்டிக் கொடுப்பான். அது எவ்வளவு ஆழம் உள்ளே போக வேண்டும் என்று அளந்து அவள் பென்சிலால் கோடு போடுவாள். கோடு வளையத்தைத் தொட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பூசுவதற்கு முன் தண்ணீரை அழுத்தம் கொடுத்து அடைத்து, பகல் முழுக்க வைத்துப் பார்த்தான். ஒரு சொட்டு கசியவில்லை. அப்படியும் அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஜாயிண்டுகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, கை விட்டுப் பார்க்கும்படி படுக்கையறையை ஒட்டிய பாத்ரூம் சுவரில் சின்னக் கதவு ஒன்று வைத்தான்.

அவன் போன பிறகு வீடு அடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் போன் வரும். “சாப்ட்டியாம்மா? மாத்திரை போட்டியா?” அவ்வளவுதான் பேச்சு. ‘வாடா சாமி’ என்று அவள் இழுத்தால், “லீவு கெடைக்கலம்மா” என்பான். வாய்விட்டுக் கேட்டு வராதவனை வேறு எப்படித்தான் வரவழைப்பது? ஒரு நாள் அந்தச் சின்னக் கதவைத் திறந்தாள். வால்வை மூடினாள். வளையத்தை அமுக்கி, பைப்பை ஒரு விரற்கடை வெளியே இழுத்தாள். வால்வைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து டீ போட்டாள். அந்த ஈரம்தான் இப்போது முறம் அளவு.

வீடியோவில் சுவரைக் காட்டினாள்.

“பதறாதம்மா,” என்றான் ஆண்டோ. பதறுகிற முகமா அது! “கதவத் தொறந்து உள்ள இருக்கறத போன்ல காட்டு.”

காட்டினாள். “இன்னும் கிட்டக் காட்டும்மா,” என்றான். வளையத்துக்கும் பென்சில் கோட்டுக்கும் நடுவில் வெள்ளைப் பைப் பளிச்சென்று தெரிந்தது.

“வால்வ மூடிட்டு, கோடு மறுபடி வளையத்தத் தொடுற வரைக்கும் அழுத்தும்மா.”

“என்னால ஆவாதுடா. கையில பெலமே இல்ல. நீயே ஒரு நட வந்து பாரேன்.”

“ஆவும்மா. அழுத்து.”

மனசே இல்லாமல்தான் அழுத்தினாள். பாழாய்ப்போன பைப் வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

“பாத்தியா? இதுக்குத்தான் இதப் போட்டேன். யாரும் வர வேண்டியதில்ல, நீயே பாத்துக்கலாம்.”

சுவர் காய்ந்து ஓரத்தில் பழுப்புக் கறை மட்டும் நின்றபோது கூரியரில் ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே சிவப்புச் சிவப்பாகப் பிளாஸ்டிக் கிளிப்புகள். அன்று போனில் அவனே ஆரம்பித்தான்.

“வளையத்துக்கு அடியில மாட்டும்மா. மாட்டிட்டா யாரு இழுத்தாலும் பைப் வெளிய வராது.”

சகாயராணிக்கு முகம் சுட்டது.

“யாருடா இழுக்கறா?”

அவன் வாய் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

“நாந்தாண்டா இழுத்தேன். நீ வருவன்னு இழுத்தேன்.”

“தெரியும்மா,” என்றான். “கோட்டப் பாத்தப்பவே தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா கிளிப்பு அனுப்புன?”

அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். “அடுத்த வருசம் பாக்கலாம்மா. வெச்சிரட்டுமா?”

அவள் சொல்வதற்கு முன்பே வைத்துவிட்டான். முதலில் கோபம்தான் வந்தது, பொட்டலத்தைக் குப்பையில் போடும் அளவுக்குக் கோபம். பிறகு வெட்கமாக இருந்தது. பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் வரவில்லை. அதற்குமேல் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பாத்ரூமுக்குப் போய்ச் சின்னக் கதவைத் திறந்தாள். கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். டக் டக்கென்று உட்கார்ந்தன. எல்லாம் முடிந்ததும், தான் கோடு போட்ட அந்தப் பைப்பை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். அது அசையவே இல்லை.