நான்கு நிதிகள், ஒரே எரிவாயு

எரிவாயுவை நம்பி வாழும் எங்கள் தீவின் கூவா நகரில், எஃகுப் பீப்பாய்களை இசைக்கும் எங்கள் ஸ்டீல்பேன் குழு பயிற்சி செய்யும் திடல் வாடகை நிலம். உரிமையாளர் அதை விற்க முடிவு செய்தபோது, அன்புடன் முதல் வாய்ப்பை எங்களுக்கே அளித்தார். பிப்ரவரியில் கார்னிவல் திருவிழா முடிந்ததும் பணம் செலுத்த வேண்டும். தவறினால் திடல் கைவிட்டுப் போகும். குழுவின் சேமிப்பு முழுவதும் நான்கு எரிசக்தி முதலீட்டு நிதிகளில் இருந்தது. பள்ளியில் கணிதம் கற்பிப்பவள் என்பதால், அவ்வாண்டு என்னைப் பொருளாளராக அமர்த்தியிருந்தார்கள்.

"நாலும் வேற வேற, மிஸ். எண்ணெய், எரிவாயு, அமோனியா, கப்பல். ஒண்ணு விழுந்தா மூணு நிக்கும்," என்றார் குழுத் தலைவர் ஆல்ட்வின். அமோனியா ஆலையில் ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்தார்.

நான் ஒட்டுறவுக் கணக்கைக் காட்டினேன். இரண்டு முதலீடுகள் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைக் கூறும் எண் அது. ஒன்றை நெருங்கினால் இரண்டும் இணைபிரியாதவை; பூஜ்ஜியத்தை நெருங்கினால் ஒன்றின் போக்கு மற்றதைத் தொடுவதில்லை. எங்கள் நிதிகளில் எந்த இரண்டை எடுத்தாலும் எண் ஒன்றை ஒட்டியே இருந்தது. அமோனியா எரிவாயுவிலிருந்து செய்யப்படுவது; கப்பல்கள் ஏற்றிச் செல்வதும் இவற்றைத்தான்.

"அப்போ நாலு பேரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கிறாங்க," என்றான் சாடிலால், கொண்டைக்கடலை வைத்த டபுள்ஸ் ரொட்டியை மென்றுகொண்டே. பகலில் வேன் ஓட்டுபவன், மாலையில் குழுவில் கனத்த அடித்தொனி தரும் பாஸ் பீப்பாய்கள் வாசிப்பவன். "ஒருத்தன் சொதப்பினா மொத்தமும் காலி. போன வருஷம் போட்டியில நாம தோத்த மாதிரி."

"சொதப்பினது யாருன்னு சொல்லட்டுமாடா?" என்றார் ஆல்ட்வின்.

நான் மெல்லக் குறுக்கிட்டேன். எங்களை ஆதரிக்கும் எரிவாயு நிறுவனம் ஆண்டுதோறும் தரும் நன்கொடையையும் கணக்கில் சேர்த்திருந்தேன். அதுவும் அந்த நிதிகளோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. ஆகவே நான்கையும் விற்றாலும் நன்கொடை வழியாக நாம் எரிவாயுவை நம்பியே இருப்போம் என்று பணிவுடன் தெரிவித்தேன்.

ஆல்ட்வினின் முகம் மாறியது. "அவங்க பேரைச் சட்டையில போட்டுக்கிட்டு, அவங்க தொழிலை நம்பாம வித்துட்டோம்னா? எந்த மூஞ்சியோட போய் நிப்பேன், மிஸ்?"

"சட்டை அவங்களோடது, கேப்டன். நிலமாவது நம்மளோடதா இருக்கட்டுமே," என்றான் சாடிலால்.

வாக்கெடுப்பில் மூன்றை விற்க முடிவாயிற்று. மரியாதைக்காக எரிவாயு நிதியை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டோம். கிடைத்த பணத்தை வெளிநாட்டு அரசுக் கடன் பத்திரங்களிலும் உள்ளூர் உணவு நிறுவன நிதி ஒன்றிலும் பிரித்துப் போட்டேன். எரிசக்தியோடு இரண்டுக்குமே ஒட்டுறவு குறைவாக இருந்தது.

ஜனவரியில் எங்களை ஆதரித்த எரிவாயு நிறுவனம் ஓர் ஆலையை மூடியது. நன்கொடை பாதியானது. எரிவாயு நிதியும் அதே வாரத்தில் சரிந்தது. கடன் பத்திரங்கள் அசையவில்லை. ஆனால், சற்றுப் பின்னால் உணவு நிதியும் இறங்கியது. சம்பளம் நின்ற வீடுகளில் கடைச் செலவும் சுருங்கிவிட்டிருந்தது. என் ஒட்டுறவு எண் நல்ல காலத்து விலைகளிலிருந்து எடுத்தது. கெட்ட காலம் அதில் இல்லை. இதைச் செயற்குழுவில் மறைக்காமல் சொன்னேன்.

"என்ன மிஸ், சோத்துக்குமா எரிவாயு?" என்றார் ஆல்ட்வின்.

"நம்ம ஊர்ல எதுக்குத்தான் இல்ல?" என்றான் சாடிலால். எவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

கார்னிவல் முடிந்து எல்லாவற்றையும் விற்றுச் சேர்த்தபோது, திடலின் சாலையோரத்து முன்பாதிக்கு மட்டுமே பணம் போதுமானதாயிற்று. உரிமையாளர் பெருந்தன்மையுடன் அதைப் பிரித்து விற்கச் சம்மதித்தார். நிலப் பத்திரம் பதிவான அன்று மாலை, பின்பாதியில் நின்ற பாஸ் பீப்பாய்களை ஆல்ட்வினும் சாடிலாலும் முன்பாதிக்கு உருட்டி வந்தனர்.

"கொஞ்சம் தள்ளி வையுங்க கேப்டன், முழங்கை இடிக்குது," என்றான் சாடிலால்.

"இடிக்கட்டும். நம்ம இடம்," என்றார் ஆல்ட்வின்.