கெண்டைக்கால் வலி

மலேசியாவில் பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.டி.பி.எம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் நல்ல தேர்ச்சி வந்தால்தான் மருத்துவப் படிப்புக்கு இடம் கேட்க முடியும். ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மிஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்கள் லோகேஸ்வரியை இப்போதே டாக்டர் என்றுதான் கூப்பிட்டன. முதலில் கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு தலைசுற்றல், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று அவளிடம் நிஜமாகவே கேட்க வந்தார்கள். அவளும் சொன்னாள். சொல்வது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

பக்கத்து வீட்டுச் சுகுமாறன் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். ஒரு சாயங்காலம் வேலியோரம் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"காய்ச்சலு மா. கெண்டக்காலு பிச்சி எடுக்குது. கிளினிக்குப் போவணுமா?"

அவள் மடியில் மாதிரி வினாத்தாள் பாதியில் கிடந்தது.

"வேல செஞ்ச வலி மாமா. பனடோல் போட்டுப் படுங்க. சரியாயிடும் லா."

"நீ சொன்னா சரிதான்" என்று திரும்பிப் போனார்.

அந்த வாரக் கடைசியில் அவர் உடம்பு மஞ்சளித்தது. சிரம்பான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. எலிக்காய்ச்சல் என்றார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலிலுள்ள புண் வழியாக ஏறியிருக்கும், முதலிலேயே வந்திருந்தால் மருந்துக்கு அடங்கியிருக்கும் என்றார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார்.

எலிக்காய்ச்சல் அவளுடைய பாடத்திட்டத்தில் இல்லை. அதை நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மேல் கண் நிற்கவில்லை.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா கதவைச் சாத்தினாள்.

"வாயத் தொறக்காத. மொதல்ல பரீட்சைய முடி."

கருமாதி முடிந்த மறுநாள் லோகேஸ்வரி பக்கத்து வீட்டுக்குப் போனாள். சுகுமாறன் மனைவி ரோகினி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, நான் அன்னிக்கு மாமாவ கிளினிக்குப் போவச் சொல்லிருக்கணும். எனக்கு ஒண்ணுந் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

ரோகினி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"மோட்டர்சைக்கிள எடுங்க, கிளினிக்குப் போவலாம்னு நான் கூப்புட்டேன். ஒன்னக் கேட்டுட்டு வரேன்னுதான் அங்க வந்தாரு."

ரோகினி அடுத்த சட்டையை எடுத்தாள்.

"நீ இங்க வந்து எறக்கி வச்சிட்ட. இனிமே போயி பரீட்ச எழுதுவ. நான் எங்க போயி எறக்கி வைக்க?"

லோகேஸ்வரி தேர்வு எழுதினாள். உயிரியல் தாள் நன்றாகவே போனது. நன்றாகப் போனதே வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

வேலை செய்தவர் இல்லாததால் தோட்ட நிர்வாகம் வீட்டைத் திரும்பக் கேட்டது. தம்பின் என்ற ஊரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போக ரோகினி லாரி பிடித்தாள். லோகேஸ்வரி வாசலில் போய் நின்றாள். ரோகினி அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு,

"அலமாரி கனம். அந்தப் பக்கம் புடி" என்றாள்.

இருவரும் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.